உயர்தர வகுப்பு வந்த வழி

இலவசக் கல்வியின் வரலாற்றை 1945 உடன் முடித்துவிடுவது எங்கட வழக்கம். சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கட்டணத்தை நீக்கினார், ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள் என்று கதை நின்றுவிடும். கட்டணம் நீங்கியது உண்மை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் மேல்வகுப்பு எல்லா ஊருக்கும் வரவில்லை. அந்த மிச்சக் கதையைத்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது, புகுமுக வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த பாடசாலைகள் பெரும்பாலும் கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற நகரங்களின் ஆங்கிலப் பாடசாலைகளே. ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் அங்கேதான் இருந்தன. இந்த இடைவெளியை நிரப்பவே கன்னங்கரா மத்திய கல்லூரிகளைக் கட்டினார். 1947இல் அவரது பதவிக்காலம் முடிந்தபோது அவற்றின் தொகை 54. கிராமத்துப் பிள்ளைக்குப் புலமைப்பரிசிலும் விடுதியும் கிடைத்தன.

முஸ்லிம்களுக்கு அக்காலத்தில் பெரிய வாசல் கொழும்பு ஸாஹிராதான். 1948 முதல் 1961 வரை ஏ.எம்.ஏ. அஸீஸ் அதன் அதிபர். வசதி குறைந்த மாணவருக்கு உதவவென 1945இலேயே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியையும் அவர் தொடக்கியிருந்தார். என்றாலும் கல்முனையிலோ மூதூரிலோ இருந்த வாப்பா மகனைக் கொழும்பு விடுதியில் சேர்க்க வேணும். மகள் என்றால் அநேக வீடுகளில் அந்தப் பேச்சே எழவில்லை.

பிறகு வந்தது தரப்படுத்தல். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தது; சிங்கள மொழி மூலத்துக்கு 229 போதும். தமிழில் எழுதிய எங்கட பிள்ளைகளும் அந்த 250இன் பக்கமே நின்றார்கள். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு அது வழிதிறந்தது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு இழப்பானது. அப்போதைய கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத் எங்களிடையே நன்றியோடும், தமிழரிடையே கசப்போடும் நினைக்கப்படுவது இதனால்தான். ஒருவரின் கசப்பை மற்றவர் மறைத்து எழுதும் வரலாறு நேர்மையானதல்ல.

இரு தரப்பும் புள்ளியைப் பற்றியே வாதாடினோம். வகுப்பறையைப் பற்றிக் குறைவாகவே கேட்டோம். கோட்டா கடைசி வாசலைத்தான் அகலமாக்கும். தன் பாடசாலையில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளை அந்த வாசல்வரை வந்துசேர்வதே கஷ்டம். ஒரே மாவட்டத்துக்குள் ஆய்வுகூடமுள்ள நகரப் பாடசாலைதான் கோட்டாவின் பயனையும் கூடுதலாக எடுக்கும்.

இன்றும் அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டத்துக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஆனால் உயர்தர விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலைகள் மொத்த அரச பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். மற்ற ஊர்ப் பிள்ளைக்கு பஸ், விடுதி, டியூஷன். முடியாவிட்டால் கலைப்பிரிவு.

ஊர் வரலாறு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது என்று தேடுகிறோம். உங்கட ஊரில் உயர்தர விஞ்ஞான வகுப்பு எந்த ஆண்டு தொடங்கியது, முதல் ஆசிரியர் யார், ஆய்வுகூடத்துக்குக் காணி கொடுத்தது யார், முதன்முதல் அந்த வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகள் யார் என்றும் தேடுங்கள். கேட்டுச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.