காய்ச்சல் இல்லாத நாட்கள்: நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சலில் முன்கணிப்புக் குறி எது?

1945-இல் நியூயார்க் மருத்துவர் ஷெப்பர்ட் சீகல், முறைவைத்து வந்து போகும் ஒரு நோயைப் பதிவு செய்தார். கடும் வயிற்றுவலியும் காய்ச்சலும் திடீரென்று தொடங்கும். இரண்டு மூன்று நாளில் தாமாகத் தணியும். நோயாளி எழுந்து வேலைக்குப் போய்விடுவார். வயிற்று உறை அழற்சி என்று அதை இனங்கண்ட சீகல், பெயரில் ‘தீங்கற்ற’ என்ற அடைமொழியையும் சேர்த்தார். அந்த அடைமொழியே ஒரு முன்கணிப்பு. அது தவறிப்போனது. 1950-களின் தொடக்கத்தில் பிரான்சில் மாமூவும் கட்டானும் இதே நோயினரிடம் சிறுநீரகம் பழுதாவதை எழுதினார்கள். 1958-இல் இஸ்ரேலின் ஹெல்லரும் உடன்பணியாளர்களும் ‘நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல்’ என்ற பெயரை நிலைநிறுத்தியபோது, அமிலாய்டு என்னும் கரையாப் புரதம் சிறுநீரகத்தில் படிவதே இந்நோயின் மரண வழி என்பது தெளிவாகிவிட்டது.

சீகல் கூர்மையாகப் பார்த்தவர்தான். ஆனால் அவர் கணித்தது காய்ச்சலை வைத்து. இன்றும் பல மருத்துவமனைகளில் நோயின் கடுமையை ஆண்டுக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்று எண்ணியே மதிப்பிடுகிறோம். திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் இந்நோயை அடையாளம் காட்டும் சிறந்த குறி; ஆனால் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்ல அது வலுவற்ற குறி. முன்கணிப்புக்கான செய்தி காய்ச்சல் இல்லாத நாட்களில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்சான்றும் ஹெல்லரின் குழுவிடமிருந்தே வருகிறது. நோய் ஓடும் குடும்பங்களில் ஒரு முறைகூடக் காய்ச்சல் காணாமலே அமிலாய்டு படிந்தவர்களை அவர்கள் கண்டு, இதை இரண்டாம் தோற்றவகை என்று பிரித்தார்கள். காய்ச்சலின் எண்ணிக்கையே சிறுநீரகத்தின் விதியைத் தீர்மானிக்குமானால் இவர்கள் நலமாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி? 1997-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, இந்நோய்க்குக் காரணமான எம்இஎஃப்வி மரபணுவைப் பதினாறாம் குரோமோசோமில் கண்டறிந்தன. ஒரு குழு அதன் புரதத்துக்கு நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பைரின் என்று பெயரிட்டது. மற்றொன்று நடுநிலக்கடலின் பழைய லத்தீன் பெயரிலிருந்து மாரெனோஸ்ட்ரின் என்றது. நிலைத்தது நெருப்புதான். பிறழ்ந்த பைரின் எளிதில் தூண்டப்பட்டு இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளிவிடுகிறது. அது மூளையின் வெப்பச் சமநிலையை உயர்த்தும்போது காய்ச்சல் வருகிறது. இன்டர்லூக்கின்-6 உள்ளிட்ட மற்ற தூதுப் பொருட்களோடு சேர்ந்து அதுவே கல்லீரலையும் ஏவி, சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தைச் சில வேளைகளில் ஆயிரம் மடங்குவரை பெருக்குகிறது. ஊற்று ஒன்று, வாய்க்கால் இரண்டு. உடல் சுடாத அளவு கசிவுக்கும் கல்லீரல் பதில் சொல்லும். வெப்பமானி சாதாரணமாகக் காட்டும் வாரங்களிலும் இப்புரதம் உயர்ந்தே நிற்கும் நோயாளிகள் கணிசமானோர். படிவுக்கான கச்சாப்பொருள் அந்த அமைதியில்தான் சேர்கிறது.

இதன் எடையை 2007-இல் லாக்மன் குழு காட்டியது. பல்வேறு அழற்சி நோய்களால் அமிலாய்டு படிந்த 374 பேரை லண்டனில் பின்தொடர்ந்ததில், சீரம் அமிலாய்டு ஏ அளவு லிட்டருக்கு 155 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தவர்களின் இறப்பு அபாயம், 4 மில்லிகிராமுக்குக் கீழிருந்தவர்களைவிட 17.7 மடங்கு. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி: 4 முதல் 9 வரையிலான சிறு உயர்விலேயே அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அந்த அளவில் யாருக்கும் காய்ச்சல் தெரியப்போவதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இம்மரபணுவின் எம்694வி என்ற பிறழ்வை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நோய் சிறுவயதிலேயே தொடங்குகிறது, காய்ச்சல் அடிக்கடி வருகிறது, அமிலாய்டும் அதிகம். அப்படியானால் காய்ச்சல் முன்கணிக்கத்தானே செய்கிறது? கூடவே வருவது வேறு, காரணமாக இருப்பது வேறு. இரண்டையும் ஒரே பிறழ்வு விளைவிக்கிறது. மரபணுகூட முழு விடையல்ல. டூயிட்டூவும் பல நாட்டு ஆய்வாளர்களும் 14 நாடுகளின் 2,482 நோயாளிகளை 2007-இல் ஒப்பிட்டபோது, சிறுநீரக அமிலாய்டுக்கு முதன்மை அபாயக் காரணியாக நின்றது நோயாளி எந்த நாட்டில் பதிவானார் என்பது. மரபணு வகை அதற்கு அடுத்தபடி. அந்நாட்டின் குழந்தை இறப்பு விகிதத்தோடும் அபாயம் இணைந்து சென்றது. ஒரு நோயாளியின் சிறுநீரகம் அவர் வாழும் நாட்டையும் சேர்த்துச் சுமக்கிறது. காய்ச்சல் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

மருந்து வந்தபின் காய்ச்சலின் பொருளே மாறிவிட்டது. 1972-இல் பாஸ்டனின் கோல்ட்ஃபிங்கர் கொல்ச்சிசினைப் பரிந்துரைத்தார். (தாராபுரம், மூலனூர்ப் பக்கம் பந்தலில் படரும் கண்வலிக்கிழங்கின், அதாவது செங்காந்தளின், விதையிலும் இருப்பது இந்த மருந்துப்பொருள்தான்.) செமரின் குழு 1986-இல் வெளியிட்ட 1,070 பேர் ஆய்வில், மருந்தைத் தவறாமல் உட்கொண்டவர்களில் சிறுநீரில் புரதம் தோன்றியது 11 ஆண்டுகளில் 1.7 விழுக்காடு, தவறவிட்டதாக ஒப்புக்கொண்டவர்களில் 9 ஆண்டுகளில் 48.9 விழுக்காடு. காய்ச்சல் முழுதாக அடங்காதவர்களையும் மருந்து அமிலாய்டிலிருந்து காத்தது. ஆகவே மருந்து எடுப்பவரிடம் காய்ச்சல் திரும்பினால் அது கேட்கும் முதற்கேள்வி, மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்பது. அதற்குப் பிறகே அளவைக் கூட்டுவதும், இன்டர்லூக்கின்-1 தடுப்பு மருந்துக்குப் போவதும். இந்த இடத்தில் காய்ச்சலுக்கு மெய்யான முன்கணிப்பு மதிப்பு உண்டென்று ஒப்புக்கொள்கிறேன்.

ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டு காய்ச்சல் வராத இளைஞர், நோய் போய்விட்டதென்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறார். காய்ச்சலே நோய் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். அவருடைய கோப்பில் காய்ச்சல் தேதிகளுக்கு அருகே, நலமாயிருந்த ஒரு நாளில் எடுத்த அழற்சிப் புரத அளவும் சிறுநீர்ப் புரதச் சோதனையும் இருக்க வேண்டும். அவரைப் போலவே எம்694வி பிறழ்வை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்று, ஒரு நாளும் காய்ச்சல் காணாத அவருடைய தங்கைக்கும் அந்தக் கோப்பு வேண்டும். தங்கைக்கு இப்போதே மருந்து தொடங்குவதா என்பதில் வல்லுநர் கருத்து, குடும்பத்தில் அமிலாய்டு உண்டா, வாழும் நாடு எது, அழற்சிப் புரதம் உயர்ந்தே நிற்கிறதா என்பவற்றைப் பொறுத்து மாறுகிறது. ஆண்டுக்கொரு சிறுநீர்ச் சோதனைக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.