இணைய வணிகத்தில் நம்பிக்கையும் ஆரவாரமும்

இணையத்தில் ஒரு பிராண்டின்மேல் வாங்குபவருக்கு உண்டாகும் நம்பிக்கை, பெரும்பாலும் பொருளைச் சோதித்துப் பெற்றதன்று. பலர் ஏற்கெனவே நம்பிவிட்டதாகத் தெரிவதிலிருந்து பிறப்பது. நேரில் வாங்கும்போது துணியைக் கசக்கிப் பார்க்கலாம், அரிசியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்கலாம். கைபேசித் திரையில் அதற்கு வழியில்லை. எனவே நட்சத்திர மதிப்பீடு, ரிவ்யூக்களின் எண்ணிக்கை, பிரபலங்களின் பரிந்துரை ஆகியவை பொருளின் தரத்துக்குப் பதிலாளாக நிற்கின்றன. தரம் தெரியாத சந்தையில் நல்ல சரக்கும் மட்டச் சரக்கின் விலைக்கே போகும், நாளடைவில் நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்று பழைய கார் விற்பனையை எடுத்துக்காட்டிப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் விளக்கினார். 1995இல் தொடங்கிய ஈபே, முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் விற்கும் தளம் என்பதால், விரைவிலேயே வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. இன்றைய ரேட்டிங் முறைகள் அந்த வழியில் வந்தவை.

இந்த நற்பெயருக்குக் காசு மதிப்பு உண்டு. பால் ரெஸ்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பழைய அஞ்சலட்டைகளை ஒரே வியாபாரி ஈபேயில் தன் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றார். நெடுநாள் நற்பெயர் சேர்த்த கணக்கில் விற்றவற்றுக்கு, புதுக் கணக்குகளில் விற்றவற்றைவிடச் சுமார் 8 விழுக்காடு கூடுதல் விலை கிடைத்தது. சரக்கு ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை யெல்ப் தள மதிப்பீடுகளோடு ஒப்பிட்ட மைக்கேல் லூகா, ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு உயர்வதாகக் கண்டார். பல கிளைகள் கொண்ட பெரிய உணவகங்களில் இந்த விளைவு தென்படவில்லை, தனிக்கடைகளில்தான் தெரிந்தது. பெயர் முன்பே தெரிந்த இடத்தில் மக்கள் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. பெயர் தெரியாத இடத்தில் நட்சத்திரமே பெயராகிவிடுகிறது.

ஆனால் அந்த நட்சத்திரம் எப்படி உருவாகிறது? ஒவ்வொருவரும் தனித்தனியே ஆராய்ந்து சொன்ன கருத்துகளின் கூட்டுத்தொகை அது என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை. மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் 14,000க்கும் மேற்பட்டோர் அறிமுகமில்லாத 48 பாடல்களைக் கேட்டுத் தமக்குப் பிடித்தவற்றைப் பதிவிறக்கினர். ஒரு பிரிவினருக்குப் பிறர் எத்தனை முறை பதிவிறக்கினர் என்ற எண்ணிக்கை காட்டப்படவில்லை. மற்றவர்கள் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தனர். ஓர் உலகில் முன்னணிக்கு வந்த பாடல் இன்னோர் உலகில் பின்தங்கியது. முதலில் வந்த சிலரின் தேர்வு அடுத்தவர்களை இழுத்தது. அவர்களின் தேர்வு இன்னும் பலரை இழுத்தது. லெவ் முச்னிக், சினான் ஆரால், ஷான் டெய்லர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. ஒரு செய்தித் தளத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகளில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு ஆய்வாளர்கள் ஒரே ஒரு ஆதரவு வாக்கை முன்கூட்டியே இட்டனர். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 விழுக்காடு உயர்ந்தது. பொய்யாக இட்ட எதிர்ப்பு வாக்கையோ மக்கள் தாமாகவே சரிசெய்துவிட்டனர். அநியாயமாகத் தாழ்த்தப்பட்டதைத் தூக்கிவிடும் கூட்டம், அநியாயமாக உயர்த்தப்பட்டதை இறக்கிவைப்பதில்லை. ஆரவாரத்துக்கு வலிமை தருவது இந்தச் சாய்வுதான்.

முதல் தள்ளு இவ்வளவு பலன் தரும் என்றால் அதை விலைக்கு வாங்கவும் ஆள் இருக்கும். அமேசானில் விற்போர் சிலர் ஃபேஸ்புக்கின் தனிக்குழுக்களில் ஆள் பிடிப்பதை ஷெர்ரி ஹீ, பிரெட் ஹாலன்பெக், டாவிடே புரோசெர்பியோ மூவரும் சுமார் 1,500 பொருள்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். வாங்குபவர் முழு விலை கொடுத்துப் பொருளை வாங்க வேண்டும், ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். பிறகு அந்தப் பணம் வேறு வழியாக அவருக்குத் திரும்பிவிடும். தளத்தின் பார்வையில் இது கலப்படமில்லாத விற்பனை. அமெரிக்காவின் சண்டே ரைலி என்ற அழகுப்பொருள் நிறுவனம் இன்னும் நேரடியான வழியைக் கையாண்டதாக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019இல் குற்றம் சாட்டியது: ஊழியர்களே புதுக் கணக்குகள் தொடங்கி, தாங்கள் இருக்கும் இடம் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, செபோரா என்ற விற்பனைத் தளத்தில் புகழ்ந்து எழுத வேண்டும், குறை சொல்லும் ரிவ்யூக்களுக்கு எதிர்வாக்கு இட வேண்டும். ஃபேஷன் நோவா என்ற ஆடை நிறுவனம் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த ரிவ்யூக்களை வெளியிடாமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கு, 2022இல் 42 லட்சம் டாலரில் முடிந்தது. பொய் எழுதாமல், உண்மையை மறைத்தாலே போதும் என்பதற்கு இது சான்று.

மட்டமான பொருளை எத்தனை நாள் தூக்கிப் பிடிக்க முடியும், உண்மை தானே வெளிவந்துவிடாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். மேற்சொன்ன இசைச் சோதனையிலேயே மிகச் சிறந்த பாடல்கள் அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. அமேசான் ஆய்விலும் பொய் ரிவ்யூ நின்றதும் மதிப்பீடு சரிந்தது, ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. ஆனால் அந்த ஒற்றை நட்சத்திரங்களைப் போட்டவர்கள் ஏமாந்து வாங்கியவர்கள். திருத்தம் நடக்கிறது, அதன் செலவு அவர்கள் தலையில் விழுகிறது. ஃபையர் விழாவில் அதுதான் நடந்தது. 2016 டிசம்பரில் புகழ்பெற்ற மாடல்கள் பலர் ஒரே சமயத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கட்டத்தை இன்ஸ்டாகிராமில் பதிவிட்டனர். பஹாமாஸ் தீவு ஒன்றில் சொகுசு இசைவிழா என்று சீட்டுகள் மளமளவென்று விற்றன. 2017 ஏப்ரலில் போய் இறங்கியவர்களுக்குக் கிடைத்தவை பேரிடர்க்காலக் கூடாரங்களும் ரொட்டியில் வைத்த சீஸ் துண்டுகளும். அமைப்பாளர் பில்லி மக்ஃபார்லண்டுக்கு 2018இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. உண்மை வெளிவரத்தான் செய்தது, பணம் கைமாறிய பிறகு. மேலும், மிக நல்லதும் மிக மோசமானதும் சந்தையில் கொஞ்சமே. நடுத்தரப் பொருள்களே மிகுதி, அவற்றின் தலைவிதியைத்தான் ஆரவாரம் தீர்மானிக்கிறது.

ஆரவாரமே இல்லாவிட்டால் புதியவர் சந்தையில் எப்படி நுழைவார் என்ற மறுப்பும் உண்டு. விளம்பரம் செய்வது குற்றமில்லை. விளம்பரம் என்று தெரிந்தால் வாங்குபவர் அதற்கேற்பத் தள்ளுபடி செய்தே எடைபோடுவார். அயலார் ஒருவரின் அனுபவம்போல வேடமிட்டு வரும்போதுதான் அந்த எச்சரிக்கை செயலிழக்கிறது. ஆகவே, ரிவ்யூ போன்ற ஓர் அடையாளத்தைப் போலியாக உருவாக்க எவ்வளவு செலவாகும் என்பதே அதன் நம்பகத்தின் அளவுகோல். தினா மேஸ்லின், யானிவ் டோவர், ஜூடித் செவாலியே ஆகியோரின் 2014 ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. எக்ஸ்பீடியாவில் அறை பதிவுசெய்தவர் மட்டுமே எழுதலாம். டிரிப்அட்வைசரில் யாரும் எழுதலாம். இரண்டையும் ஒப்பிட்டபோது, அருகில் போட்டி விடுதி உள்ள விடுதிகளுக்கு டிரிப்அட்வைசரில் குறை சொல்லும் ரிவ்யூக்கள் கூடுதலாக இருந்தன. கதவு திறந்திருந்த தளத்தில் போட்டியாளர் கை நுழைந்தது என்பதே அவர்கள் முடிவு.

இந்தியாவில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும், அதில் தோன்றிப் பரிந்துரைப்பவரை ஓராண்டு வரை தடுக்கவும் இடம் தருகிறது. இன்ஃப்ளூயன்சர்கள் பணமோ இலவசப் பொருளோ பெற்றிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2023 ஜனவரியில் வந்தது. இணைய ரிவ்யூக்களுக்கான ஐஎஸ் 19000 தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டது. எழுதியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறைகள் அதில் உள்ளன. ஆனால் அதை விரும்பிய தளங்கள் ஏற்கலாம் என்ற அளவிலேயே அது வெளிவந்தது. போலி ரிவ்யூவால் லாபம் பெறும் தளத்திடமே தன்னைத் திருத்திக்கொள்ளும் விருப்பத்தை எதிர்பார்ப்பது போதாது. இத்தகைய தரநிலை கட்டாயமாக இருக்க வேண்டும். ஏமாந்தவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டதோடு நிறுத்தாமல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும்.