கட்சிக்கு ஒரு சொல், நாட்டிற்கு ஒரு சொல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதிப் பதவி வேண்டுவோர் முதற்கண் முன்தேர்தல்களால் தங்கட்சியாரின் ஆதரவைப் பெறல் வேண்டும். அவற்றில் வாக்களிப்போர் கொள்கைப்பற்று மிக்கார். ஆதலின் அபேட்சகரும் கடுமொழி பகர்வர். பின்னர்ப் பொதுத்தேர்தலில் நடுநிலையாரையும் ஈர்த்தல் வேண்டி அம்மொழியைத் தணிப்பர்.

1964-இல் குடியரசுக் கட்சியின் பாரி கோல்டுவாட்டர், கலிபோர்னியா முன்தேர்தலில் ராக்பெல்லரை வென்றார். சான்பிரான்சிஸ்கோ மகாசபையிலும் தம் கடுநிலையினின்று நெகிழ்ந்தாரல்லர். விளைவு யாதெனின், ஜான்சன் 486 தேர்வாளர் வாக்குகளும் அவர் 52-உம் பெற்றனர். 1968-இலோ அக்கட்சியின் நிக்ஸன், வலப்பக்கத்தாரை இழவாது நடுப்பக்கத்தாரையுந் தழுவிப் பேசி, 301 பெற்று வென்றார்.

தணித்துரைத்தல் தவறன்று, தன்னவரிடம் ஒன்றும் பிறரிடம் வேறொன்றும் உறுதிகூறுதலே தவறாம். ஆதலின் அன்பர்காள்! வாக்கு வேண்டி வருவாரின் முதற்சொல்லையும் கடைச்சொல்லையும் ஒப்புநோக்கித் துணிமின்.