லேபிளில் இல்லாத பெயர்

நீங்கள் போட்டிருக்கும் டீ ஷர்ட்டின் உள்பக்கம் தைத்திருக்கும் லேபிளைக் கொஞ்சம் பாருங்கள். பிராண்டின் பெயர் பெரிதாக இருக்கும். என்ன நூல், எப்படித் துவைப்பது, அநேகமாக எந்த நாட்டில் செய்தது என்பதும் இருக்கும். எந்தத் தொழிற்சாலை என்பது இருக்காது.

கம்பனிகளின் பொருள் விவரங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்துவது என் வேலை. ஒருமுறை ஒரு துணிக் கம்பனியின் அட்டவணையில் 'தைத்த இடம்' என்ற கட்டம் வரிசை வரிசையாக வெறுமையாகக் கிடந்தது. கேட்டேன். "அது எங்கள் ஏஜெண்டுக்குத்தான் தெரியும்" என்றார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சின்னத் துணித்துண்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கதை கத்தியில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் கத்திகளுக்குப் பேர்போனது. ஜெர்மனியின் சோலிங்கனிலும் கத்தி செய்தார்கள். மலிவான ஜெர்மன் சரக்கு ஷெஃபீல்ட் பெயரைப் பொறித்துக்கொண்டு பிரிட்டனுக்குள் வந்தது. ஷெஃபீல்ட்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1887இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வணிகக் குறிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பிரிட்டிஷ் பொருள் என்று நினைக்கவைக்கும் பெயரோடு வெளிநாட்டுச் சரக்கு வந்தால், உண்மையில் செய்த நாட்டையும் போட்டாக வேண்டும். ஜெர்மன்காரரை வெட்கப்படுத்த வந்த 'மேட் இன் ஜெர்மனி', சில பத்தாண்டுகளில் தரத்தின் அடையாளமாகிவிட்டது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அந்தச் சட்டம் காப்பாற்றியது வாங்குபவரையும் போட்டி முதலாளியையும் மட்டும்தான். கத்தியை அடித்தவர் யார் என்று அது கேட்கவில்லை.

2013 ஏப்ரல் 24. பங்களாதேஷில், டாக்காவுக்குப் பக்கத்தில் உள்ள சாவரில், ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. முதல் நாளே அதில் வெடிப்புகளைக் கண்டிருந்தார்கள். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அவர்கள் யாருக்காகத் தைத்தார்கள்? சில பிராண்டுகள் தங்களுக்குத் தொடர்பே இல்லை என்றன. தொழிலாளர் அமைப்பினரும் செய்தியாளர்களும் இடிபாடுகளுக்குள் லேபிள்களையும் ஆர்டர் தாள்களையும் தேடி எடுத்தார்கள். தூசி படிந்த அந்தத் துண்டுகள்தான் சாட்சி. பாதிக்கப்பட்டவர்களுக்கான 3 கோடி டாலர் நிதி நிறைய 2015 ஜூன் வரை ஆனது.

'டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட்' என்ற பேச்சைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது இதுதான். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு பொருளில் உள்ள க்யூஆர் கோட் போன்ற ஒன்றை ஸ்கேன் செய்தால், அதன் மூலப்பொருள், பழுது பார்க்கும் வழி, மறுசுழற்சி விவரமெல்லாம் வரவேண்டும். (க்யூஆர் கோடும் தொழிற்சாலையில் பிறந்ததுதான்: 1994இல் ஜப்பானில், கார் உதிரிப்பாகங்களைக் கண்காணிக்க.) மின்வாகன பேட்டரிகளுக்கு, தனிச் சட்டம் ஒன்றின்படி, 2027 பெப்ரவரி 18 முதல் பாஸ்போர்ட் கட்டாயம். துணிகளும் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன.

தொழிற்சாலைக்கு ஒரு அடையாள எண் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எல்லா விவரமும் எல்லோருக்கும் திறக்காது. சுங்க அதிகாரி பார்ப்பது வேறு, பழுது பார்ப்பவர் பார்ப்பது வேறு, கடையில் நிற்கும் நாங்கள் பார்ப்பது வேறு. தைத்த இடம் எங்களுக்கும் தெரியவேண்டும் என்பது என் கட்சி. திருப்பூரிலும் கட்டுநாயக்கவிலும் தைத்த துணிகள்தான் இங்கே எங்கள் கடைகளில் தொங்குகின்றன. உங்கள் சித்தியோ மச்சாளோ அங்கே மெஷினில் இருந்திருக்கலாம்.

போன மாதம் வேறொரு கம்பனியின் அட்டவணை கைக்கு வந்தது. அந்தக் கட்டம் இந்த முறை நிரம்பியிருந்தது. முகவரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏற்றுமதி அலுவலகம், இரண்டாம் மாடி.