பெரட்டுக்களத்துக்கு வெளியே எழுந்த குரல்

ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நினைக்கிற எவரும் முதலில் எதிர்கொள்வது, அந்த ஊருக்குள் எப்படி நுழைவது என்ற கேள்வி. மற்ற இடங்களில் இது ஒரு பேச்சுக்காகக் கேட்கப்படும் கேள்வியாக இருக்கலாம். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அது சொல்லுக்குச் சொல் உண்மையான கேள்வியாக இருந்தது. தோட்டத்தின் சாலையும், லயங்களும், பெரட்டுக்களமும், குடிநீர்ப் பீலியும் எல்லாமே கம்பெனியின் உடைமை. துரையின் அனுமதியின்றி உள்ளே காலடி வைக்கும் வெளியார் மீது அத்துமீறல் வழக்குப் போட முடியும். வேலை பறிபோனால் லயத்துக் காம்பராவும் பறிபோகும். ஆகவே தொழிலாளி வாய் திறப்பது என்பது, ஒரு குடும்பத்தையே சட்டிபானையோடு மழையில் நிறுத்தும் துணிச்சலாக இருந்தது.

இந்தப் பூட்டைத் திறந்தவர்களுள் முக்கியமானவர் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பத்திரிகையாளர், கோ. நடேசய்யர். அவரோடு சரிசமமாக நின்றவர் அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை. பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற முறையில், இவ்விருவரின் வாழ்க்கையை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நடேசய்யர் முதலில் தொழிலாளர் தலைவராக இலங்கைக்கு வந்தவர் அல்லர். அவர் வணிகம், கணக்கு முதலிய துறைகளைப் பற்றித் தமிழில் எழுதியவர். வணிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். கொழும்புக்கு வந்த இடத்தில் மலைநாட்டுத் தொழிலாளரின் நிலையைக் கேள்வியுற்றார். கேள்விப்பட்டதை அப்படியே எழுதிவிடாமல், தம் கண்ணால் பார்க்க விரும்பினார். புடவை வியாபாரியைப் போல மூட்டையோடு தோட்டங்களுக்குள் சென்றார். புடவைக்காரனை மட்டும் தடுக்க மாட்டார்கள் என்பதை அறிந்து செய்த வேலை அது.

அவர் அங்கே கண்ட வாழ்க்கைக்கு அப்போதே ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருந்தது. 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது தொடங்கியது. 1869இல் கோப்பி இலைகளைத் தாக்கத் தொடங்கிய நோய் அந்தப் பயிரையே அழிக்க, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறியது, கங்காணி முறை மாறவில்லை. வழிச்செலவுக்கென்று கங்காணி கொடுத்த முன்பணமே கடனாகித் தொழிலாளியைக் கட்டியது. 'துண்டு' எனப்பட்ட சீட்டில் அந்தக் கடன் எழுதப்படும். அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது. கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய நாளுக்கு 'அரைப்பேர்'தான். பேர் என்பது அங்கே ஒரு மனிதரின் பெயரன்று. ஒரு நாட்கூலியின் கணக்கு.

இதை எதிர்த்தவர்கள் முன்பும் இருந்தனர் என்பதைச் சொல்லியாக வேண்டும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை நிறுவினார். பெரி. சுந்தரம் அதில் தோளோடு தோள் நின்றார். துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்ததில் அவர்களின் முயற்சிக்குப் பங்குண்டு. ஆயினும் அவர்களின் களம் பெரும்பாலும் கொழும்பாகவே இருந்தது. சட்டம் கொழும்பில் மாறுவது ஒன்று. மாறிய செய்தி லயத்துக்குப் போய்ச் சேர்வது மற்றொன்று. நடேசய்யர் கையில் எடுத்தது அந்த இரண்டாவது வேலையை.

'தேசநேசன்' ஆசிரியராக இருந்து எழுதிய அவர், 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1925இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிவகுத்தது. அதன்படி மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என நாட்கூலி நிர்ணயமாயிற்று. இன்று பார்த்தால் அற்பத் தொகை. எனினும் தனக்குச் சேர வேண்டியது இவ்வளவு என்று ஓர் எண்ணைத் தொழிலாளி தெரிந்துகொண்டால், அதற்குக் குறைவாகக் கிடைக்கும்போது கேட்க முடியும். எவ்வளவு என்றே தெரியாதவனால் எதைக் கேட்க முடியும்?

1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அதன் இருப்பிடமாக அவர் தேர்ந்தது கொழும்பை அன்று, அட்டனை. தோட்டம் தனியார் நிலம். ஆனால் அட்டன் கடைத்தெரு பொதுநிலம். சாமான் வாங்கவும் கோயிலுக்கும் சுற்றுத் தோட்டங்களின் மக்கள் அங்கே இறங்கி வருவார்கள். அங்கே பேசுபவனை எந்தத் துரையும் அத்துமீறியவன் என்று சொல்ல முடியாது. உள்ளே போக முடியாவிட்டால் அவர்கள் வந்து போகும் இடத்தில் நின்றுகொள்வது என்ற இந்த எளிய அறிவுதான் மலைநாட்டுத் தொழிற்சங்கத்தின் முதல் அத்திவாரம்.

ஆனால் எழுத்தறியாத மக்களிடம் பத்திரிகை என்ன செய்யும்? இங்கேதான் மீனாட்சி அம்மையின் பங்கு வருகிறது. அவர் பத்திரிகைப் பணியிலும் துணைநின்றார். அதைவிட முக்கியமாகப் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் கூலியையும் உரிமையையும் பற்றிப் பாட்டுக் கட்டினார். கூட்டங்களில் பேச்சுக்கு முன்னே அவர் பாட்டு. 1940இல் இலங்கை வாழ் இந்தியரின் நிலை குறித்த அவருடைய பாட்டுகள் சிறு நூலாகவும் வெளிவந்தன. துண்டுப் பிரசுரத்தைத் துரை பறிமுதல் செய்யலாம். கொழுந்து பறிக்கும் பெண்ணின் வாயில் ஏறிவிட்ட பாட்டை யார் பறிமுதல் செய்வது? பெண்கள் மேடையேறுவதே அரிதாயிருந்த காலத்தில் அவர் இதைச் செய்தார் என்பதை மறக்கலாகாது.

இவர்களின் கதை வெற்றிக்கதை என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். துரைமாரும் பெரிய கங்காணிமாரும் நடேசய்யரைப் பகைத்தனர். தொடக்கத்தில் அவரோடு சேர்ந்து உழைத்த ஏ.ஈ. குணசிங்க பின்னர் பிரிந்து இந்தியர் எதிர்ப்பு அரசியலுக்குப் போனார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான நடேசய்யரின் செல்வாக்கு, 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றிய பின் தேய்ந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டபோது போராட்டத்தின் முன்னணியில் வேறு சங்கங்கள் இருந்தன. அதே ஆண்டில் தோட்டத்துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு உடன்பாட்டுக்கு வர நேர்ந்தது. நடேசய்யர் 1947 தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் தேதி காலமானார்.

அதே தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர், மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. சுமார் ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு முடிவு செய்ய 1,50,000. அம்மக்களின் பிரதிநிதியொருவர் தேர்தலில் வென்று மீண்டும் நாடாளுமன்றம் செல்ல 1977 ஆயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

அப்படியானால் அந்த உழைப்பெல்லாம் வீணா? நான் அவ்வாறு நினைக்கவில்லை. அரசு ஒரே சட்டத்தில் வாக்கைப் பறிக்க முடிந்தது. சங்கம் அமைக்கும் பழக்கத்தைப் பறிக்க முடியவில்லை. வாக்கில்லாத அந்த நீண்ட ஆண்டுகளில் மலையக மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் தொழிற்சங்கம்தான். அட்டன் கடைத்தெருவில் தொடங்கியது அங்கே நிலைத்தது. நடேசய்யரை மறந்துபோன தலைமுறையும் அவர் கற்றுத்தந்ததைக் கொண்டுதான் உயிர்த்திருந்தது. அவரை நமக்கு மீட்டுத் தந்தவரும் மலையகத்தவரே: எழுத்தாளர் சாரல்நாடன் தேடித் தேடி எழுதிய வரலாறு இல்லாவிட்டால் நம்மில் பலருக்கு இந்தப் பெயரே தெரியாமல் போயிருக்கும்.

2023இல் மலையக மக்கள் தங்கள் இருநூறாண்டை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்துவந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். சொந்தக் காணியும் வீடும் கேட்கும் குரல் அந்த நடையிலும் ஒலித்தது. லயங்கள் இன்னும் மறையவில்லை. வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அங்கே உதவ விரும்பும் நம்மவர் பலர் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அன்பளிப்பு மூட்டையோடு போகுமுன், நடேசய்யர் புடவை மூட்டையோடு போனதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் போனது கொடுப்பதற்கு அன்று, பார்ப்பதற்கும் கேட்பதற்கும்.