ஊசிக்கு ஒரு மணி நேரம், ஆபரேஷனுக்கு 80 வருஷம்

இன்னிக்கு ஒரு நோயோட வரலாறு. பேரு மயஸ்தீனியா கிராவிஸ். பேரு வாயில நுழையலேன்னா பரவாயில்ல, அறிகுறியைக் கவனிங்க. காலைல கண் நல்லா திறக்குது. சாயங்காலம் இமை தானா தொங்குது. பேச ஆரம்பிக்கும்போது குரல் தெளிவா இருக்கு. போகப் போகக் குழறுது. ஓய்வெடுத்தா திரும்ப சரியாகுது. பாக்குறவங்களுக்கு இது சோம்பேறித்தனமாவோ நடிப்பாவோ தெரியலாம். ஆனா நோய் முத்தினா விழுங்கவே முடியாது, மூச்சும் நின்னு போகலாம்.

1672லயே தாமஸ் வில்லிஸ்ங்கிற இங்கிலாந்து மருத்துவர், பேசப் பேச குரல் போயிடுற ஒரு பெண்ணைப் பத்தி எழுதியிருக்கார். அதுக்கப்புறம் 260 வருஷம், சட்டுனு பலன் தர்ற மருந்துன்னு எதுவும் வரல.

1934. லண்டன் கிரீனிச்ல ஏழைகளுக்கான செயின்ட் ஆல்ஃபெஜ் ஆஸ்பத்திரி. அங்க வேலை பார்த்தவர் மேரி வாக்கர்ங்கிற பெண் டாக்டர். பெரிய ஆராய்ச்சிக் கூடமோ பதவியோ இல்லாதவர். அவரோட வார்டுல இந்த நோயோட 56 வயசுப் பெண் ஒருத்தர் இருந்தாங்க. அங்க வந்த நரம்பியல் நிபுணர் டென்னி-பிரவுன், இது கியூராரே விஷம் ஏறின மாதிரி இருக்குன்னு சொன்னார். கியூராரேங்கிறது தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில தடவுற விஷம். தசைகளைச் செயலிழக்க வச்சிடும்.

வாக்கர் அந்தப் பேச்சை அப்படியே விடல. கியூராரேக்கு ஓரளவு முறிவு என்னன்னு தேடினார். கிடைச்சது ஃபைசோஸ்டிக்மின். அதுவும் ஒரு விஷம்தான். மேற்கு ஆப்பிரிக்காவோட கலபார் கொட்டைல இருந்து எடுக்குறது. ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள, தொங்கின இமை மேல போச்சு. கைக்கு பலம் வந்துச்சு, விழுங்க முடிஞ்சுது. சில மணி நேரத்துல பலவீனம் திரும்ப வந்துச்சு. மறுபடி ஊசி, மறுபடி பலம். 'லான்செட்' இதழுக்கு அவர் எழுதின சின்னக் கடிதம் அந்த ஜூன் மாசமே வெளியாச்சு. அடுத்த வருஷம் நியோஸ்டிக்மினையும் பயன்படுத்திக் காட்டினார். நம்ம நாட்டுல நாகப்பாம்பு கடிச்சவங்களுக்கு, விஷமுறிவு மருந்தோட சேர்த்துக் குடுக்குறதும் இதே நியோஸ்டிக்மின்தான்.

இங்க ஒண்ணை கவனிக்கணும். வாக்கர் கையில இருந்தது ஒரே ஒரு நோயாளி. ஆனா மருந்து ஏறினா பலம், இறங்கினா பலவீனம். இதுல சந்தேகப்பட பெருசா இடமில்ல.

இப்ப இன்னொரு சிகிச்சையைப் பாருங்க. 1936ல அமெரிக்காவோட நாஷ்வில்ல, ஆல்ஃப்ரெட் பிளேலாக்ங்கிற அறுவை நிபுணர் ஒரு இளம்பெண்ணோட நெஞ்சுல தைமஸ் சுரப்பில இருந்த கட்டியை எடுத்தார். அந்தப் பெண் தேறினாங்க. அப்புறம் கட்டி இல்லாதவங்களுக்கும் தைமஸை எடுக்க ஆரம்பிச்சாங்க. உலகம் முழுக்க இது வழக்கமாச்சு. ஆனா குணமானது ஆபரேஷனாலயா? இந்த நோய் சிலருக்குத் தானாவே தணியும். கூடவே மாத்திரையும் போகுது. பலன் தெரிய மாசங்கள், வருஷங்கள் ஆகும். எடுத்த சுரப்பியைத் திரும்ப வச்சு சோதிக்கவும் முடியாது.

நடுவுல 1973ல நோயோட காரணம் பிடிபட்டுச்சு. நரம்பு அனுப்புற அசிடைல்கோலினை வாங்க தசைல ரிசெப்டர்கள் இருக்கு. கட்டுவிரியன் இனப் பாம்போட விஷத்துல இருந்து எடுத்த ஒரு புரதம் அந்த ரிசெப்டர்லதான் போய் ஒட்டும். அதை வச்சு ஃபேம்ப்ரோ, டிராக்மன், சத்யமூர்த்தி மூணு பேரும் எண்ணிப் பார்த்தப்ப, நோயாளிகளுக்கு ரிசெப்டர் ரொம்பக் குறைவா இருந்துச்சு. அதே வருஷம் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் ரெண்டு பேரும் மின்விலாங்கு மீனோட ரிசெப்டரை முயலுக்கு ஊசியா போட்டாங்க. முயலோட உடம்பு அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிச்சுது. முயல் தளர்ந்து விழுந்துச்சு. நியோஸ்டிக்மின் குடுத்ததும் தேறிச்சு! அதாவது, உடம்போட காவல் படையே சொந்தத் தசையைத் தாக்குது.

சரி, ஆபரேஷன்? ஜான் நியூசம்-டேவிஸ்ங்கிற பிரிட்டிஷ் மருத்துவர் இதைச் சோதிச்சே ஆகணும்னு நின்னார். கட்டி இல்லாத 126 நோயாளிகள். குலுக்கல் முறைல பாதிப் பேருக்கு ஆபரேஷனும் ஸ்டீராய்டும், மீதிப் பேருக்கு ஸ்டீராய்டு மட்டும். 3 வருஷக் கண்காணிப்பு. முடிவைப் பாக்க அவர் இல்ல. 2007ல, இந்த ஆய்வு வேலையா ருமேனியா போனப்ப கார் விபத்துல இறந்துட்டார். 2016ல முடிவு வந்துச்சு: ஆபரேஷன் பண்ணவங்களுக்கு பலவீனமும் குறைவு, தேவைப்பட்ட ஸ்டீராய்டும் குறைவு. பிளேலாக் சரிதான். ஆனா அதை உறுதியா சொல்ல 80 வருஷம் ஆச்சு.

'எங்க மாமாவுக்கு இதுல சரியாச்சு'ன்னு வாட்ஸ்அப்ல யாராவது அனுப்பினா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நிறுத்தினா என்ன ஆச்சு? அதுக்குப் பதில் இல்லேன்னா, 126 பேரோட ஒரு குலுக்கல் தேவைப்படும்.