கபமில்லாத கபச்சுரப்பி

மூளையின் அடியில் பட்டாணி அளவிலே தொங்கிக்கொண்டிருக்கும் சிறு சுரப்பியொன்றைத் தமிழ்ப் பாடநூல்கள் கபச்சுரப்பி என வழங்குகின்றன. "ஐயா, அதில் கபம் சுரக்கிறதா?" என்று மாணவன் ஒருவன் வினவினால், இல்லை என்றுதான் ஆசிரியர் விடை கூறவேண்டும். ஒரு துளிக் கபமும் அங்குச் சுரப்பதில்லை. பின் அப்பெயர் வந்தது எவ்வாறு?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், மூளையின் கழிவு இவ்வழியாக இறங்கி மூக்கில் சளியாக வெளிப்படுகிறது என்று கருதினார். 1543-இல் உடற்கூற்றியலுக்குப் புதுவழி காட்டிய வெசேலியசும் இதனை மறுத்தாரில்லை. சளியைக் குறிக்கும் 'பிட்யூட்டா' என்னும் இலத்தீன் சொல் சுரப்பியின் பெயரில் ஏறிக்கொண்டது. 17-ஆம் நூற்றாண்டில் ஷ்னைடர் என்ற ஜெர்மானியரும் லோவர் என்ற ஆங்கிலேயரும் மூளையிலிருந்து மூக்கிற்குச் சளி இறங்க வழியே இல்லையெனக் காட்டினர். கருத்து வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. தமிழில் கலைச்சொல் ஆக்கியோர் 'பிட்யூட்டரி'யைப் பொருள் நோக்கிப் பெயர்த்தபோது பழைய பிழையும் உடன் குடியேறிவிட்டது. ஆங்கில மாணவன் பிட்யூட்டாவின் பொருளை அறியான். ஆதலின் அவனுக்கு இடரில்லை. வாதம், பித்தம், கபம் என்று பாட்டி வாயிலாகவே கேட்டு வளர்ந்த தமிழ் மாணவன் நிலை அத்தகையதன்று.

தைராய்டைக் கேடயச் சுரப்பி என்பதும் ஏறக்குறைய இவ்வகையே. 1656-இல் வார்ட்டன் அப்பெயரை இட்டார். கேடயம் போன்றிருப்பது உண்மையில் அருகிலுள்ள குரல்வளைக் குருத்தெலும்பு. சுரப்பியின் பயனோ, கழுத்தை உருண்டையாக்கி அழகு செய்வது என்று அவர் எண்ணினார்!

ஹார்மோன் என்ற சொல்லின் வரலாறு வேறு வகையது. இங்கே செயல் முதலில் கண்டறியப்பட்டது. பெயர் பின்னர் வந்தது. உணவு இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கியதும் கணையம் நீரைச் சுரக்கிறது. அதற்குச் செய்தி சொல்வது யார்? நரம்புகளே என்று ருஷ்யாவில் பாவ்லோவ் ஆய்வுக்கூடத்தார் கொண்டிருந்தனர். 1902 ஜனவரியில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேலிசும் ஸ்டார்லிங்கும் மயக்கமூட்டிய நாயொன்றின் குடற்பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறவே அறுத்துவிட்டு, அதனுள் அமிலத்தை இட்டனர். கணையம் முன்போலவே சுரந்தது! உடனே குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடித்த நீரை இரத்தக் குழாயில் செலுத்தினர். சற்று நேரத்தில் கணையம் மீண்டும் சுரக்கத் தொடங்கிற்று. செய்தி நரம்பின் வழியாக மட்டுமன்றி, இரத்தத்திலும் செல்லும் என்பது அன்று உறுதியாயிற்று. அப்பொருளுக்கு 'செக்ரீட்டின்' எனப் பெயரிட்டனர்.

இத்தகைய பொருள்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராக ஹார்மோன் என்பதை ஸ்டார்லிங் 1905-இல் தம் சொற்பொழிவுகளில் வழங்கினார். 'தூண்டுகிறேன்' எனப் பொருள்படும் கிரேக்க வினையினின்று அது பிறந்தது. கேம்பிரிட்ஜில் விருந்தொன்றின்போது கிரேக்கப் புலவர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் என்பர்.

தமிழில் இதற்கு ஊக்குநீர் என்றும் இயக்குநீர் என்றும் இரு பெயர்கள் உள. ஊக்குநீர் கிரேக்க மூலத்திற்கு அணுக்கமானது. எனினும் இயக்குநீரே பொருத்தமுடையது. ஊக்குபவன் ஊக்க மட்டுமே செய்வான். வண்டியை இயக்குபவனோ ஓட்டவும் செய்வான், நிறுத்தவும் செய்வான். ஹார்மோன்கள் யாவும் தூண்டுவனவல்ல. ஸ்டார்லிங் காலத்தவரான ஷேஃபர் இதனை உணர்ந்து, அடக்குவனவற்றிற்கு வேறு பெயர் இடவும் முயன்றார், அது நிலைபெறவில்லை.

கபச்சுரப்பிக்கு மூளையடிச் சுரப்பி என்ற பெயரும் வழக்கில் உண்டு. இடத்தை மட்டும் கூறி, எந்தக் கொள்கையையும் சுமக்காத பெயர் அது. வளரும் பருவத்தில் அச்சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன் மிகுந்தால் உடல் அளவிறந்து வளரும். தைராய்டும் அட்ரினலும் பெரிதும் அதன் ஏவலின்படியே தொழில் புரிகின்றன. அதற்கும் மேலே மூளையில் ஓர் ஏவலன் உண்டு. ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து 1973-இல் பிரித்தெடுத்து அறியப்பட்ட சொமட்டோஸ்டாட்டின், வளர்ச்சி ஹார்மோன் வெளிப்படாதவாறு இச்சுரப்பியைத் தடுக்கிறது. தூண்டாமல் தடுக்கும் அதற்கும் 'தூண்டுவது' என்னும் பொருளுடைய ஹார்மோன் என்பதே இனப்பெயர்.